அடை மறந்த கோழி

அடைக்கு வந்துவிட்ட நாட்டுக்கோழியை அடையாளம் காண யாரும் பாடம் படிக்க வேண்டியதில்லை. முட்டை இடுவதை நிறுத்திய பிறகும் அது கூடையை விட்டு எழுந்து வராது. பக்கத்தில் கை போனால் இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்; தொண்டைக்குள் கரகரக்கும்; விடாமல் கை நீட்டினால் கொத்தும். அடியில் இருந்த முட்டையை எடுத்துவிட்டாலும் வெறும் கூடையிலேயே உட்கார்ந்திருக்கும். கொங்குப் பக்கம் ‘அவயத்துக்கு வந்துவிட்டது’ என்பார்கள், மற்ற ஊர்களில் ‘அடைக்கு உட்கார்ந்துவிட்டது’ என்பார்கள். மணலோ தவிடோ பரப்பிய கூடையில், இடிச்சத்தத்துக்கு முட்டை கூமுட்டையாகிவிடக் கூடாது என்று கரித்துண்டும் இரும்புத்துண்டும் போட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டையை அதன் அடியில் வைத்தால், 21ஆம் நாள் ஓடு உடைந்து குஞ்சு வரும். நாமக்கல் பண்ணைகளின் கம்பிக்கூண்டில் நிற்கும் வெள்ளைக்கோழி இதில் எதையும் செய்வதில்லை. ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது, எதன் மீதும் உட்காருவதில்லை. இரண்டுமே முதன்மையாக ஒரே சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தவை. இவ்வளவு பெரிய வேறுபாடு எப்படி வந்தது என்று கேட்டால், இருபதாம் நூற்றாண்டின் ஆய்வகங்களும் கம்பெனிகளும் செய்த வேலை என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பதில் பாதிதான் சரி. முட்டை பொரிக்கவைக்கும் தொழில் கோழியின் கையிலிருந்து மனிதன் கைக்கு மாறத் தொடங்கிய அன்றே இந்த மாற்றத்துக்கு வழி திறந்துவிட்டது. ஹார்மோன் என்ற சொல்லே இல்லாத காலத்தில், கோழி வளர்த்தவர்கள் எந்தப் பெட்டையை வைத்துக்கொள்வது, எதை அறுத்துவிடுவது என்று ஒவ்வொரு தலைமுறையிலும் எடுத்த முடிவுகளின் வழியே ஒரு பறவையின் ஹார்மோன் இயக்கம் மாறியது. கோழியின் பரிணாமத்தில் ஒரு முக்கியமான கட்டம் கோழித்தொழிலின் வரலாற்றுக்குள்ளேயே நடந்திருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தக் கூடையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சிவப்புக் காட்டுக்கோழி ஓர் ஈட்டில் ஐந்தாறு முட்டைதான் இடும். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் பத்துப் பதினைந்தைத் தாண்டுவது அரிது. பகல் நீளும்போது மூளையிலிருந்து வரும் தூண்டுதலால் பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தைச் சுறுசுறுப்பாக்கும் ஹார்மோனை விடுகிறது; முட்டைகள் வரிசையாக வருகின்றன. முட்டைகள் சேர்ந்து, வயிற்றுத் தோல் அவற்றின் மேல் படப்பட, மூளையின் அடிப்பகுதியிலிருந்து வேறொரு செய்தி போகிறது. அதே பிட்யூட்டரி இப்போது புரோலாக்டின் என்ற ஹார்மோனைப் பெருக்குகிறது. புரோலாக்டின் ஏறினால் முட்டையிடும் ஹார்மோன் இறங்குகிறது, சூலகம் சுருங்குகிறது, வயிற்று இறகு உதிர்ந்து அந்த இடம் ரத்தம் பாயும் வெதுவெதுப்பான வெறுந்தோல் ஆகிறது. பசியும் குறைந்துவிடுகிறது, பக்கத்திலேயே தீனி வைத்தாலும் அடைக்கோழி கொஞ்சமாகத்தான் கொத்தும், எடை குறையும். ஆக முட்டையிடுவதும் அடைகாப்பதும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியே தீரும். இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்துப் பெயரிட்டவர் ஆஸ்கார் ரிடில். 1932–33இல் நியூயார்க் அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், புறா தன் குஞ்சுக்கு ஊட்டும் தொண்டைப்பையின் ‘பாலை’ ஆராய்ந்தபோது அவரும் அவரது உடனாய்வாளர்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1935இல் அதைக் கோழிக்கு ஊசியாகப் போட்டு, அடைக்கு வராத கோழியை அடைக்கு உட்காரவைக்கலாம் என்று காட்டினார்கள்.

ரிடிலுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தத் தராசை வீட்டுப் பெண்கள் கையில் பிடித்திருந்தார்கள். அடைக்கு வந்த கோழியால் முட்டை நஷ்டம். மூன்று வாரம் அடை, அதன்பின் குஞ்சு மேய்க்கும் இரண்டு மாதம், ஒரு முட்டையும் கிடைக்காது. அதனால் குஞ்சு வேண்டாத பருவத்தில் அடையைக் கலைத்துவிடுவார்கள். கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பது, காலைக் கட்டிப் போடுவது, மூக்குத் துளையில் ஓர் இறகைச் செருகிவிடுவது, கூடையை எடுத்துவிட்டுப் பஞ்சாரத்தில் வெறுந்தரையில் கவிழ்த்து வைப்பது என்று ஊருக்கு ஒரு வழி. இவற்றில் பல கோழிக்குத் துன்பம் தருபவை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இவற்றுக்கு அடியில் ஒரு சரியான கவனிப்பு இருக்கிறது. முட்டையும் கூடையும் வயிற்றில் படுவது நின்றுவிட்டால் புரோலாக்டின் சரிந்துவிடுகிறது, சில வாரங்களில் கோழி மறுபடி முட்டைக்கு வருகிறது. சேவல் விஷயத்திலும் இதே கதைதான். சேவலைக் காயடித்தால் என்ன ஆகும் என்று கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார்: கொண்டை வெளிறும், கூவுவது நிற்கும், பெட்டையை நாடாது. ஐரோப்பியக் கோழிக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்த அந்த வேலையைத்தான் 1849இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் அர்னால்டு பெர்தோல்டு ஆறு இளஞ்சேவல்களை வைத்துச் சோதனையாக மாற்றினார். எடுத்த விதையை உடலுக்குள் வேறோர் இடத்தில் வைத்தாலும், நரம்புத் தொடர்பே இல்லாமல், கொண்டையும் கூவலும் மிஞ்சி நின்றன. அப்படியானால் ரத்தத்தின் வழியே ஏதோ போகிறது. நாளமில்லாச் சுரப்பியியலின் முதல் சோதனை என்று இன்று மதிக்கப்படுவது கோழிக்கொட்டகையின் பழைய வழக்கத்திலிருந்து முளைத்ததுதான். ஹார்மோன் என்ற சொல் வருவதற்கு அதன்பின் 56 ஆண்டுகள், 1905 வரை, ஆனது.

கலைக்கப்பட்ட அடைக்கும் அடியோடு இல்லாத அடைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தண்ணீரில் முக்கிய கோழியின் பேத்தியும் அடைக்கு உட்காரும், ஏனென்றால் முக்கியது உடம்பைத்தான், வம்சத்தை அல்ல. வம்சம் மாற வேண்டுமானால், அடைக்கு வராத பெட்டையின் முட்டை குஞ்சாக வேண்டும். காட்டில் அது நடக்காது. பிறவியிலேயே புரோலாக்டின் ஏறாத ஒரு பெட்டை காட்டில் பிறந்தால் முட்டைகள் கிடந்து கெட்டுப்போகும், அந்தக் குணம் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும். அடைகாக்காத பறவை நிலைத்திருக்க ஒரே வழி, வேறு யாராவது அதற்காக அடைகாப்பது. நம் ஊரில் குயிலுக்குக் காகம் அதைச் செய்கிறது. வட அமெரிக்காவின் கௌபேர்டு என்ற பறவையும் அப்படித்தான். அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் உடம்பில் புரோலாக்டின் இல்லாமல் போய்விடவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. பருவம் வரும்போது அந்த ஹார்மோன் ஏறத்தான் செய்கிறது. ஆனால் 1960களில் நெருங்கிய இனப் பறவைகளின் வயிற்றில் அடைத்தோலை உண்டாக்கிய அதே ஹார்மோன்களைக் கௌபேர்டுக்கு ஊசி போட்டபோது அதன் வயிற்றில் அந்தத் தோல் உருவாகவில்லை. குரல் இருக்கிறது, கேட்கும் காது அடைத்துவிட்டது. பரிணாமம் ஒரு குணத்தை அழிக்கும்போது ஹார்மோனையே தூக்கி எறிவது அபூர்வம், ஏனென்றால் அதே ஹார்மோனுக்கு உடம்பில் வேறு பத்து வேலை இருக்கும். எப்போது சுரக்கிறது, எவ்வளவு சுரக்கிறது, எந்தத் திசு அதைக் கேட்கிறது என்பவைதான் மாறுகின்றன. கோழியிலும் இதைத்தான் காணப்போகிறோம். கோழிக்குக் காகமாக வந்தவன் மனிதன்.

அந்த வேலையை மனிதன் மிகப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டதற்குப் பழைய சான்று உள்ள இடம் எகிப்து. அங்கே முட்டைகளை எருக்குவியலில் புதைத்துப் பொரிக்கவைக்கிறார்கள் என்கிறார் அரிஸ்டாட்டில். கி.மு. முதல் நூற்றாண்டில் டயோடோரஸ், கோழியும் வாத்தும் வளர்க்கும் எகிப்தியர்கள் பறவைகளை எதிர்பார்க்காமல் தங்கள் கைத்திறனாலேயே குஞ்சு பொரிக்கிறார்கள் என்று வியந்திருக்கிறார். பிற்காலத்தில் இந்தத் தொழில் நைல் முகத்துவாரத்தின் அடுப்பு வீடுகளாக வளர்ந்தது. மண்செங்கல்லில் கட்டிய தடித்த சுவர். நடுவே ஆள் போகும் நடை. இருபுறமும் இரண்டு தட்டாக அடுக்கிய சிறு அறைகள். கீழறையில் ஆயிரக்கணக்கில் முட்டை, மேலறையில் எருவும் வைக்கோலும் கலந்த மெல்லிய தணல். வாசல்துளை வழியே ஊர்ந்து போகும் தொழிலாளி ஒவ்வொரு முட்டையையும் நாள் தவறாமல் புரட்டிவிட வேண்டும், பெட்டைக்கோழி அலகால் புரட்டுவது போல. வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துத் தன் கண்ணிமையின் மேல் வைத்துப் பார்த்து, சூடு கூடியிருந்தால் துளையைத் திறப்பார், குறைந்திருந்தால் தணலைக் கிளறுவார். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல். பெட்டை தன் வயிற்றுத் தோலால் அறிவதை அவர் இமையால் அறிந்தார். இந்தத் தொழில்நுணுக்கம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது, வெளியாருக்குச் சொல்லப்படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் இந்த அடுப்புகளைப் பற்றிக் கிடைத்த குறிப்புகளையெல்லாம் திரட்டி, எருவின் சூட்டிலும் வெப்பமானியின் துணையிலும் தானே முயன்று, எல்லாப் பருவத்திலும் குஞ்சு பொரிக்கும் கலையைப் பற்றி 1749இல் ஒரு முழுநூலே வெளியிட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எகிப்தின் அடுப்புதான் அடைக்குணத்தை அழித்தது என்றால், அடுப்பே இல்லாத ஐரோப்பாவில் அடைக்கு உட்காராத இனங்கள் எப்படி வந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பானியக் கோழி, ஹாம்பர்க் கோழி போன்றவை ஓயாமல் முட்டையிடும் இனங்கள் என்று பெயர் எடுத்திருந்தன. அன்று ஐரோப்பியப் பண்ணைகளில் பொரிப்பு இயந்திரம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இந்த மறுப்பு நியாயமானது, எகிப்துக்கு மட்டும் பெருமையைக் கொடுப்பதை அது தடுக்கிறது. ஆனால் என் வாதத்தை அது பலப்படுத்தவே செய்கிறது. காகத்தின் இடத்தில் அடுப்புதான் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்னொரு கோழி இருந்தாலும் போதும். நன்றாக முட்டையிடும் ஒன்றின் முட்டையை, நன்றாக அடை உட்காரும் இன்னொன்றின் அடியில் வைப்பது எல்லா நாட்டுக் கோழிக்காரர்களும் அறிந்த வழக்கம். நம் வீடுகளிலும் வாத்து முட்டையைக் கோழிக்கு வைப்பார்கள், அக்கம்பக்கத்தில் அடைக்கோழியை இரவல் வாங்குவார்கள். அந்த வழக்கம் வந்த நொடியிலேயே, முட்டையிட்டவளே அடைகாக்க வேண்டும் என்ற இயற்கையின் நிபந்தனை தளர்ந்துவிட்டது. ஒரே கொட்டகைக்குள் ஒரு வம்சம் முட்டைக்கு என்றும் இன்னொரு வம்சம் அடைக்கு என்றும் பிரியத் தொடங்கியது. 1840களில் ஷாங்காயிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து கோழிப் பித்தையே கிளப்பிய கொச்சின் கோழிகளுக்கு அடைகாப்பதில்தான் நல்ல பெயர். கால்வரை இறகு மூடிய அந்தப் பெரிய பறவைகளும், பட்டு போன்ற இறகுடைய சில்கி கோழிகளும், மற்ற இனங்களின் முட்டைக்கு வளர்ப்புத் தாய் ஆயின.

டார்வின் இதைக் கவனித்திருந்தார். 1868இல் வெளியான, வளர்ப்பு விலங்குகளும் பயிர்களும் மாறும் விதத்தைப் பற்றிய நூலில் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்கிறார். அடைக்கு உட்காராத ஓர் இனத்தையும், அதேபோல உட்காராத வேறோர் இனத்தையும் கலந்தால், பிறக்கும் கலப்புப் பெட்டைகள் பலமுறை உறுதியாக அடைக்கு உட்காருகின்றன. தாயிடமும் இல்லை, தந்தையின் வம்சத்திலும் இல்லை, மகளிடம் இருக்கிறது. டார்வின் இதை மூதாதையின் குணம் திரும்பி வருவதாக எடுத்துக்கொண்டார். மரபணு என்ற கருத்து வந்தபின் இதன் பொருள் இன்னும் தெளிவானது. அடை என்பது ஒரே விசையில் நிற்கும் குணமல்ல; பல விசைகள் சேர்ந்து இயக்குவது. ஸ்பெயினில் ஒரு விசை கெட்டது, ஜெர்மனியில் வேறொரு விசை கெட்டது. இரண்டும் கலந்தபோது ஒன்றின் குறையை மற்றது நிரப்பியது. இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஒரே கம்பெனியோ ஒரே ஆய்வகமோ திட்டமிட்டுச் செய்திருந்தால் எல்லா இனத்திலும் ஒரே விசைதான் கெட்டிருக்கும். வெவ்வேறு நாட்டுக் கொட்டகைகளில், ஒருவரை ஒருவர் அறியாத கோழிக்காரர்கள், ஒரே தேவைக்காக வெவ்வேறு வழியில் அந்தக் குணத்தைக் கழித்திருக்கிறார்கள். பின்னாளில் மரபணுவில் தேடியவர்கள் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. கூண்டில் நிற்கும் அந்த வெள்ளைக்கோழியின் இனமான வெள்ளை லெகார்னில் புரோலாக்டின் மரபணு முழுசாகவே இருக்கிறது. அந்த மரபணுவை இயக்கும் முன்பகுதியில் 24 எழுத்து கூடுதலாக நுழைந்திருப்பது அடைக்கு வராத தன்மையோடு தொடர்புடையது என்று இந்த நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டின. புரோலாக்டினைக் கேட்கும் ஏற்பியின் மரபணு பாலினக் குரோமோசோமில் இருக்கிறது; தந்தைவழியே இந்தக் குணம் வருகிறதா என்ற சர்ச்சையும் பல பத்தாண்டுகள் நடந்தது. ஒரே மரபணுவின் தலையில் பழியைப் போட்டுவிட முடியாது என்பதே அதன் முடிவு.

டார்வின் பார்த்த நிலை இன்றைய நிலையாக மாறியது அமெரிக்காவில். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து பெயர் பெற்ற லெகார்ன் கோழி அங்கே வந்து சேர்ந்தபோதே, உட்காராத இனம் என்ற முத்திரையோடுதான் வந்தது. கலிபோர்னியாவில் பெட்டலூமா என்ற ஊரில் லைமன் பைஸ் 1879இல் நம்பகமான ஒரு பொரிப்பு இயந்திரத்தை உருவாக்கினார். இரண்டும் சேர்ந்ததில் அந்தச் சின்ன ஊர் உலகின் முட்டைக்கூடை என்று அழைக்கப்படும் அளவுக்கு வளர்ந்தது. அடுத்த படி கணக்கு. எந்தக் கோழி எத்தனை முட்டை இடுகிறது என்று தெரிந்தால்தானே தேர்வு செய்யலாம்? உள்ளே நுழைந்ததும் கதவு மூடிக்கொள்ளும் பொறிக்கூடை வந்தபின், கோழிக்குக் கோழி தனிக்கணக்கு எழுத முடிந்தது. மேய்ன் மாநில ஆய்வுநிலையத்தில் 1898 முதல் அப்படிக் கணக்கெடுத்து, நிறைய இட்ட கோழிகளை மட்டும் இனவிருத்திக்கு வைத்தார்கள். பத்தாண்டு கழித்து ரேமண்ட் பேர்ல் கணக்கைச் சரிபார்த்தபோது முட்டை உயரவே இல்லை. தாயின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாது, மகள்கள் எப்படி இடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்ற பாடம் அந்தத் தோல்வியில் கிடைத்தது. அதன்பின் மாசசூசெட்ஸ் ஆய்வுநிலையத்தில் குடேல் வேறு பக்கமிருந்து இதை அணுகினார். நன்றாக அடை உட்காரும் ரோடு ஐலண்டு சிவப்புக் கோழிகளை எடுத்துக்கொண்டு, அடைக்கு வராத பெட்டைகளையும் அவற்றின் வம்சத்தையும் மட்டுமே வைத்து வளர்த்தார். சில தலைமுறைகளிலேயே அடை வெகுவாகக் குறைந்தது, முட்டை கூடியது. ரிடில் புரோலாக்டினைப் பிரித்தெடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, ஒரு கோழிக்கொட்டகையில் அந்த ஹார்மோனின் எழுச்சி வம்சத்திலிருந்தே தணிக்கப்பட்டுவிட்டது.

கூண்டில் இட்ட முட்டை சரிந்த கம்பித்தளத்தில் உருண்டு வெளியே போய்விடுகிறது, வயிற்றில் எதுவும் படுவதில்லை, அதனால்தான் அடைக்கு வரவில்லை, குணம் ஒன்றும் மாறவில்லை என்று சிலர் வாதிடலாம். முட்டை தொடுவது அடையைத் தூண்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் லெகார்னுக்கு உட்காராத கோழி என்ற பெயர் வந்தது கூண்டு வருவதற்கு முன்பு, முற்றத்தில் மேய்ந்து கூடையில் முட்டையிட்ட காலத்தில். அதே முற்றத்தில், அதே கூடையில் கொச்சின் கோழி உட்கார்ந்தது. மறுபக்கம் வான்கோழியைப் பாருங்கள். பல பத்தாண்டுகளாக வணிகப் பண்ணைகளில் அதன் முட்டை இயந்திரத்தில்தான் பொரிகிறது. ஆனாலும் வான்கோழி அடைக்கு உட்காருவதை விடவில்லை. அதைக் கலைப்பது பண்ணைக்காரர்களுக்கு இன்றும் தலைவலி. புரோலாக்டினைச் சுரக்கச் செய்யும் மூளைச் செய்திக்கு எதிராகத் தடுப்பூசி போட்டு அடையைத் தடுக்கும் சோதனைகள்கூட மின்னசோட்டாவில் நடந்தன. காரணம் எளிது. வான்கோழியை மனிதன் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் நெஞ்சுக்கறிக்காக, முட்டை எண்ணிக்கைக்காக அல்ல. இயந்திரம் அனுமதி மட்டும் தருகிறது. குணத்தைக் கழிப்பது தேர்ந்தெடுக்கும் கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம், கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்புவேன்.

தராசின் மறுதட்டும் மாறியிருக்கிறது. காட்டுப்பறவை எப்போது முட்டையிட வேண்டும் என்பதைப் பகலின் நீளம் சொல்கிறது. 1920களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன், பனிக்கொட்டும் குளிர்காலத்தில் சின்னஞ்சிறு குருவிகளின் கூண்டில் மின்விளக்கை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் நேரம் எரியவிட்டு, வசந்தத்தில் வளர வேண்டிய இனப்பெருக்க உறுப்புகளை அப்போதே வளரச் செய்தார். ஜப்பானில் கூண்டுப்பறவை வளர்ப்பவர்கள் குளிர்கால இரவில் விளக்கு வைத்துப் பறவையை முன்கூட்டியே பாடவைக்கும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. இந்த வெளிச்சத்தின் செய்தி உடம்பில் எப்படிப் பயணிக்கிறது என்பதை 2008இல் தகாஷி யோஷிமுராவின் குழு ஜப்பானியக் காடையில் கண்டது: நீண்ட பகல் வந்த முதல் நாளிலேயே, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் மூளையின் அடியில் பெருகி, வசந்தம் வந்துவிட்டது என்று அறிவிக்கிறது. இரண்டே ஆண்டில், 2010இல், உப்சாலாவின் லெய்ஃப் ஆண்டர்சன் குழு உலகின் பல இனக் கோழிகளின் மரபணுத்தொகுதியை ஒப்பிட்டது. எல்லா வளர்ப்புக் கோழியிலும் ஏறத்தாழ ஒரே வடிவமாக மாறியிருந்த இடம், அதே ஹார்மோனை ஏற்கும் ஏற்பியின் மரபணு. பருவத்தைக் கேட்கும் காதில் மாற்றம். ஆண்டு முழுவதும் முட்டை இடுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்பது அவர்கள் ஊகம்.

கோழி பழகியது எப்போது என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் வரலாறு துலங்குகிறது. ஐயத்துக்கு இடமில்லாத மிகப் பழைய வளர்ப்புக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை, கி.மு. 1650–1250 காலத்தவை, நெல்லும் தினையும் விளைந்த வயலை நாடி வந்த காட்டுக்கோழிகளின் வழியில் அவை பழகியிருக்க வேண்டும். அந்த ஏற்பி மாற்றம் வளர்ப்பின் தொடக்கத்திலேயே வந்திருக்கும் என்று முதலில் எண்ணினார்கள். 2014இல் ஐரோப்பாவின் பழைய கோழி எலும்புகளிலிருந்து, கி.மு. 280 முதல் கி.பி. 18ஆம் நூற்றாண்டு வரையிலானவை, மரபணுவை எடுத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் தவறாகிவிட்டது. பழைய கோழிகளில் பெரும்பாலானவற்றில் அந்த மாற்றம் முழுதாக இல்லை. 2017இல் இன்னொரு ஆய்வு, ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன்பு அது வேகமாகப் பரவத் தொடங்கியதாகக் கணக்கிட்டது. நகரங்கள் பெருகிய காலம் அது. நான்குகால் விலங்கின் இறைச்சி விலக்கப்பட்ட விரத நாட்களில் கோழியையும் முட்டையையும் கிறிஸ்தவ மடங்கள் நாடிய காலம். இந்த ஏற்பி பருவத்தை மட்டுமல்ல, பயத்தையும் வளர்ச்சியையும் பாதிக்கிறது, எனவே மனிதன் தேர்ந்தது முட்டையை அல்ல, மிரளாத கோழியை என்று மறுப்போரும் உண்டு. இருக்கலாம். நெருக்கடியான நகரக் கொல்லைக்கு மிரளாத கோழியும் வேண்டும், குளிரிலும் இடும் கோழியும் வேண்டும். ஒரே மரபணு இரண்டையும் தந்தால் அது பரவும் வேகம் கூடத்தான் செய்யும். எப்படியானாலும் தேர்வு செய்தது சமையல்கட்டும் சந்தையும்தான் என்பது மாறவில்லை.

மனிதன் செய்த தேர்வைப் பரிணாமம் என்று அழைப்பது மிகை என்பது கடைசி மறுப்பு. பெயரைப் பற்றிய சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் பொருளைப் பார்த்தால் இது பரிணாமம்தான். ஒரு வம்சத்தில் மரபணு வடிவங்களின் விகிதம் தலைமுறைதோறும் மாறுகிறது, அந்த மாற்றம் எது சந்ததி விடுகிறது என்பதைப் பொறுத்து நடக்கிறது. கௌபேர்டின் காதை அடைத்ததும் இதே விதி. அந்தப் பறவைக்கு அடைகாத்த பிற பறவைகளின் இடத்தில் இங்கே நைல் கரையில் ஊர்ந்து போன தொழிலாளியும், லண்டன் கொட்டகையின் கொச்சின் கோழியும், பெட்டலூமாவின் விளக்கு எரியும் பெட்டியும் நிற்கின்றன. டார்வினே தம் வாதத்தை வளர்ப்புப் பறவைகளிலிருந்து தொடங்கியதற்குக் காரணம், காட்டில் யாரும் உடனிருந்து பார்க்க முடியாததைக் கொட்டகையில் கணக்குப் புத்தகத்தோடு பார்க்க முடியும் என்பதுதான்.

இந்த வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஒரு நேரடிப் பங்கு உண்டு. லெகார்னின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல. மேற்குத்தொடர்ச்சி மலையில் இன்றும் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008இல் நிறுவினார்கள். நாமக்கல் கூண்டுக்குள் நிற்கும் வெள்ளைக்கோழியின் காலில் இருப்பது தென்னிந்தியக் காட்டின் நிறம். அதே மண்ணில் இன்னொரு மாற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நாட்டுக்கோழிக்கு நல்ல விலை கிடைப்பதால் பண்ணை வைத்து, முட்டையைச் சேர்த்து, இன்குபேட்டரில் பொரித்து விற்பது பெருகிவிட்டது. இயந்திரம் வந்துவிட்டது, அதாவது அனுமதி வந்துவிட்டது. இனி வான்கோழியின் வழியா, லெகார்னின் வழியா என்பதைத் தீர்மானிப்பது தேர்ந்தெடுக்கும் கை. அடைக்கு வந்து ஒரு மாதம் முட்டை தராத பெட்டையை முதலில் கறிக்கு அனுப்பும் பண்ணையில், அது யாருடைய நோக்கமும் இல்லாமலே, சில தலைமுறைகளில் அடை காணாமல் போகும். கரண்டும் இயந்திரமும் இல்லாத கொல்லையில் குஞ்சு பொரித்து வளர்க்கக்கூடிய கோழிதான் நாட்டுக்கோழி. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் திறனை விட்டுவிட்டால் மிஞ்சுவது விலை கூடிய இன்னொரு பண்ணைக்கோழி. ஆகவே நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எந்தெந்தப் பெட்டை ஒழுங்காக அடை உட்கார்ந்து குஞ்சு இறக்குகிறது என்று குறித்துவையுங்கள். இனவிருத்திக்கு ஒதுக்கும் பத்துப் பெட்டையில் நாலைந்தாவது அவற்றின் வம்சமாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றைக் கூடையில் உட்காரவிடுங்கள்.